சிரிப்புக்கு விட்ட மூணரை நொடி

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்பத்திரண்டு விமர்சகர்கள் உட்கார்ந்திருந்த ஒரு சின்னத் தியேட்டரின் பின்சுவரில் சாய்ந்தபடி, சட்டைப்பையில் ஸ்டாப்வாட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் காது. பக்கத்திலேயே காலி நாற்காலி இருந்தது. தியேட்டரில் அவருக்கு நின்று கேட்டுத்தான் பழக்கம்.

காது என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. முப்பது வாத்தியம் ஒன்றாக முழங்கிய ஒரு ஒலிப்பதிவை ஒருநாள் பாதியில் நிறுத்தி, "யாரோ கடிகாரம் வச்சிருக்கீங்க, ஓடுது" என்றார். தேடிப் பார்த்தார்கள். வயலின்காரரின் பைக்குள், துண்டுக்குள், துண்டுக்குள் இருந்த சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஸ்டுடியோ வாசல் காவலாளி முதல் மின்சாரக் கட்டணம் வசூலிக்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் காதுதான். "காது சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையில் சொல்கிறவர்களும் உண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை, படங்களுக்கு ஒலி கலப்பது. பேச்சு, பாட்டு, காலடி, கதவு, மழை எல்லாவற்றையும் அதனதன் அளவில் சேர்க்கிற வேலை. இருபத்துமூன்று வருஷம் அதை இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து செய்தார். முதல் நாற்காலியில் இருந்தவர் போன மாதம் முதுகுவலி தாங்காமல் வீட்டோடு போய்விட, ஸ்டுடியோவுக்கும் இந்தப் படத்துக்கும் ஒருசேர முதலாளியானவர் காதைக் கூப்பிட்டார்.

"இந்தப் படத்த நீ தனியாப் பண்ணு. ஜனம் சிரிச்சா மிக்சிங் ரூம் உனக்கு. சிரிக்கலன்னா, என் மச்சினர் பையன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து சும்மாத்தான் இருக்கான்."

சும்மா இருக்கிறவர்கள்மேல் முதலாளிகளுக்கு இருக்கும் கருணையே தனி. அதிலும் மச்சினர் பையன் என்றால் அது கருணையில்லை, வீட்டுச் சமாதானம். அவன் வந்துவிட்டால் காதுக்கு இன்னொரு இருபத்துமூன்று வருஷம் அதே இரண்டாவது நாற்காலி. வயது நாற்பத்தாறு. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

படம் என்ன படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் மற்றதெல்லாம் இலவசம். குழந்தை தொட்டிலில் அழும்போதே சுருதி சேர்ந்திருக்கும். அப்பா வாத்தியத்தை உடைப்பார். பெரிய மேடை வரும், பெரிய பாட்டில் வரும், பெரிய சண்டை வரும், ஆஸ்பத்திரி வரும். கடைசியில் நரைத்த மீசையோடு ஒரு கச்சேரி நடக்கும், அரங்கமே எழுந்து நிற்கும். நம்முடைய படம் இவ்வளவையும் கேலி செய்கிற படம். இதில் அப்பாவே கிட்டார் கடைக்காரர். "இசை சோறு போடாதுடா!" என்று மகனின் கிட்டாரைத் தரையில் அடித்து நொறுக்குகிறார். உள்ளேயிருந்து அம்மா, "அப்ப இத்தனை வருஷமா நாம எதைத் தின்னோம்?" என்கிறாள். "விக்கிறது சோறு போடும்டி, வாசிக்கிறது போடாது!" என்று இன்னொரு கிட்டாரை எடுத்து உடைக்கிறார். பின்னால் ஒரு டாக்டர், "இனிமே உங்களால பாடவே முடியாது" என்கிறார். கதாநாயகன் அந்தத் துக்கத்தை ஆறு நிமிஷம் பாடுகிறான்.

எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் "எதைத் தின்னோம்" என்றதும் ஜனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் "விக்கிறது சோறு போடும்" முங்கிப்போகும். காதுக்கு அது பொறுக்காது. வருஷக்கணக்காகத் தியேட்டர் தியேட்டராகப் பின்சுவரில் நின்று சிரிப்பை அளந்தவர் அவர். நிறைந்த அரங்கத்தில் ஒரு நல்ல சிரிப்பு ஏற ஒரு நொடி, நிற்க ஒரு நொடி, இறங்க ஒன்றரை நொடி. ஆக மூணரை. எடிட்டர் வேறு படத்துக்குப் போய்விட்டதால் கடைசி வெட்டும் ஒட்டும் காதின் மேஜைக்கே வந்திருந்தது. ஒவ்வொரு சிரிப்பு வரிக்கும் அப்புறம், கேட்டவர் முகத்தில் படத்தை மூணரை நொடி நிறுத்தி, சத்தம் எதையும் வைக்காமல் விட்டார். தொழிலில் இதற்குப் பெயர் மூச்சு. படம் முழுக்க நாற்பத்தொரு மூச்சு. இடைவேளைக்கு முன்னால் இருபத்துநாலு, பின்னால் பதினேழு.

"சிரிக்கலன்னா அந்த இடமெல்லாம் ஓட்டை மாதிரித் தெரியுமேய்யா," என்றார் இயக்குநர்.

"சிரிப்பாங்க சார்."

"நீ சொல்ற. பழி உன் தலையிலதான்."

இப்படியாக வந்து சேர்ந்த வியாழக்கிழமை. அம்மா, "எதைத் தின்னோம்?" என்று கேட்டாள். காது ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

ஒரு நொடி. இரண்டு. மூன்று. அரங்கத்தில் ஏசி ஓடுவது கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் பேனா மூடியைத் திறந்தார்.

காது கணக்கில் கோட்டைவிட்ட இடம் இதுதான். அவர் அளந்ததெல்லாம் டிக்கெட் வாங்கியவர்களின் சிரிப்பு. விமர்சகர் விமர்சகருக்கு முன்னால் சிரிக்கமாட்டார். முதலில் சிரிக்கிறவர் தன் கருத்தைச் சொல்லிவிட்டவர் ஆகிறார். நாளைக்கு மற்ற நாற்பத்தொருவரும் படத்தைக் கிழித்துவிட்டால் அவர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? அதனால் எல்லோரும் ரெண்டரையைப் பார்த்தார்கள். ரெண்டரை என்பது இருப்பதிலேயே மூத்த விமர்சகர். முப்பது வருஷமாக எந்தப் படத்துக்கும் இரண்டரை நட்சத்திரத்துக்கு மேலும் தந்ததில்லை, கீழும் தந்ததில்லை. அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். ஆகவே இன்னும் பத்துப் பேர் தாடையைத் தடவினார்கள்.

நாற்பத்தொரு மூச்சு, நாற்பத்தொரு மயான அமைதி. பதினைந்தாவதில் காது ஸ்டாப்வாட்சை அணைத்துவிட்டார். இருபதாவதில் யாரோ இருமினார்கள், அதையே சிரிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று காது ஒரு கணம் யோசித்தார்.

வெளியே நடைபாதையில் இயக்குநர் காத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஓட்டைன்னு சொன்னேன்ல? இது ஓட்டை இல்லய்யா, சுரங்கம்! எல்லாத்தையும் வெட்டு. ஆறு மணிக்குள்ள புதுசு தியேட்டருக்குப் போயாகணும்."

"சார், அவங்க விமர்சகருங்க. நாளைக்கு ஜனம் வந்தா..."

"ஜனம் வந்தாத்தானே! முதலாளி மச்சினர் பையனுக்கு ஃபோன் போட்டாச்சு, தெரியுமா?"

காது மிக்சிங் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்சு பதித்த சுவர், நீளமான மேஜை, இரண்டு நாற்காலி. எந்த நாற்காலியில் உட்காருவது என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். பிறகு மனைவிக்கு ஃபோன் போட்டார். அவர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவர்.

"ஒருத்தர்கூட சிரிக்கல."

"கையை மடக்காதீங்க... உங்களைச் சொல்லலைங்க, இங்க ஒருத்தர். என்ன பண்ணச் சொல்றாங்க?"

"எல்லாத்தையும் வெட்டச் சொல்றாங்க."

"வெட்டுங்க. ஊசி போட்டா அழறவங்க இருக்காங்க, அழாதவங்க இருக்காங்க. அழலன்னா வலிக்கலன்னு அர்த்தமா?"

"என்ன சொல்ல வர்றே?"

"பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்று அவர் வேறு யாருக்கோ சொல்வது கேட்டது. ஃபோன் வைக்கப்பட்டது.

வெட்டினார். முதல் பாதியின் இருபத்துநாலு மூச்சையும் ஒவ்வொன்றாக. ஒரு வரி முடியும் முன்னால் அடுத்த வரி வந்து அதன் குதிகாலை மிதித்தது. மூன்றரை மணிக்கு முதல் பாதியைத் தியேட்டர்களுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார். ஒரு பாதி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அது முடிந்தால்தான் மற்றது கிளம்பும். இரண்டாம் பாதியைத் திறந்து வைத்த கையோடு ஃபோன் அடித்தது. இயக்குநர். குரலே வேறு ஆளுடையது மாதிரி இருந்தது.

"காது! கண்ணு! வெட்டலையே?"

காது திரையைப் பார்த்தார்.

"ரெண்டரை மூணு குடுத்திருக்காருய்யா! மூணு! கேளு, படிக்கிறேன். 'கேலிப்படம் என்ற போர்வைக்குள் ஒரு மாபெரும் துயரம். ஒவ்வொரு வேடிக்கை வரிக்குப் பின்னும் இயக்குநர் நம்மை ஒரு வெறுமையின் முன் நிறுத்துகிறார். அந்த மௌனத்தில் கலைஞனின் தனிமை கேட்கிறது.' கேட்கிறதாம்யா! இன்னொருத்தர், இது எந்தப் பாடகரோட கதைன்னு தனக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டேன்னு எழுதியிருக்கார். இன்னொரு விமர்சகர், உலகத்துல இருக்கற எல்லாப் பாடகர்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணும்னு எழுதியிருக்காங்க. கேட்டுட்டாப் போச்சு! நீ மௌனத்துல கை வைக்காதே. ஒரு நொடிகூட. சாயந்திரம் டிவியில அதப்பத்தித்தான் பேசப்போறேன்."

"சரி சார்," என்றார் காது.

திரையில் முதல் பாதி போய்க்கொண்டிருந்தது. பதினொரு சதவீதம். நிறுத்திவிட்டுப் பழையதை அனுப்பினால் ஆறு மணிக்குள் இரண்டு பாதியும் போய்ச் சேராது. சில தியேட்டரில் படமே இருக்காது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஃபோனை எடுத்தார். இரண்டு தடவையும் மேஜையில் வைத்துவிட்டு, இரண்டாம் பாதியைத் தொடாமல் அப்படியே அனுப்பினார்.

ஏழு மணிக்கு டிவியில் இயக்குநர், "மௌனம்தான் என் படத்தோட கதாநாயகன்" என்றார். கதாநாயகனாக நடித்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டினார், கொஞ்சம் மெதுவாக. வீட்டில் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்த காது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றார் மனைவி. காது நடந்ததைச் சொன்னார், மனைவி தட்டை நகர்த்தி வைத்தார்.

"நாளைக்கு லீவு போடறேன். அடிச்சாங்கன்னா கூட ஒரு ஆளு வேணுமில்ல."

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்ன விமர்சகர் கிளப்பிவிட்ட சர்ச்சைக்கு அதில் பெரிய பங்கு. ஆறாவது வரிசை ஓரத்தில் முதலாளி. கடைசி வரிசையில் காது, ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் இயக்குநர். இயக்குநர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

கிட்டார் உடைந்தது. அம்மா, "எதைத் தின்னோம்?" என்றாள்.

சிரித்தார்கள். லேசாக இல்லை. முன்வரிசையிலிருந்து கிளம்பி அலை மாதிரி பின்சுவர் வரைக்கும் வந்தது. காதின் முதுகுத்தண்டில் அது ஏறியது. இருபத்துமூன்று வருஷமாகக் காத்திருந்த சத்தம். அந்தச் சத்தத்தின் நடுவயிற்றில் அப்பா ஏதோ வாயசைத்தார், இன்னொரு கிட்டார் உடைந்தது, ஒரு வார்த்தைகூட ஒருவர் காதிலும் விழவில்லை.

"என்ன சொன்னான்? என்ன சொன்னான்?"

"உஷ்!"

"நீ சிரிக்கறத நிறுத்துய்யா, முதல்ல!"

"காசு குடுத்துத்தான் சிரிக்கறேன், உனக்கென்ன?"

அடுத்த வேடிக்கை அதன் மேலேயே வந்து விழுந்தது. ஒரு சிரிப்பு இறங்குமுன் இன்னொன்று ஏறியது. பாதி அரங்கம் சிரிக்க, பாதி அரங்கம் பக்கத்தாளை விசாரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் காதின் முழங்கையில் பதிந்தன.

"மௌனம் எங்கய்யா?"

"இன்டர்வெல்லுக்கு அப்புறம் வரும் சார்."

"வெட்டிட்டியா?"

"நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் வேண்டாம்னீங்க. அப்ப பாதி போயிடுச்சு."

"டிவியில பேசியிருக்கேன்டா பாவி!" கெஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியாத குரல். "முதலாளிகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். இல்ல, நானே சொல்றேன்."

இடைவேளையில் அவர் விறுவிறுவென்று ஆறாவது வரிசைக்குப் போய்க் குனிந்து பேசினார். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் காதுக்குப் பயமாக இருந்தது.

"தண்ணி குடிங்க," என்றார் மனைவி.

"வேண்டாம்."

"நாடி எப்படிப் பறக்குது பாருங்க. குடிங்கன்னா குடிங்க."

இரண்டாம் பாதி. மூச்சுகள் திரும்ப வந்தன. டாக்டர் சொன்னார், கதாநாயகன் பாடினான், ஜனம் சிரித்தது, சிரிப்பு ஏறி நின்று இறங்கி முடிய, அடுத்த வரி அலுங்காமல் குலுங்காமல் வந்து உட்கார்ந்தது. ஒரு சொல் வீணாகவில்லை. யாரும் யாரையும் அதட்டவில்லை. எல்லாம் அவர் அளந்தபடியே.

பிறகு கதாநாயகனின் அம்மா வரும் கட்டில் காட்சி. அதற்குள் படத்தில் அம்மா மூன்று தடவை செத்திருக்கிறாள். ஒவ்வொரு பெரிய கச்சேரிக்கும் முதல்நாள். அவள் செத்தால்தான் மகன் உருகிப் பாடுவான். இப்படிப்பட்ட படங்களில் அதுதானே வழக்கம். நாலாவது தடவை, தலையெல்லாம் நரைத்த மகன் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நாளைக்குக் கச்சேரி" என்கிறான்.

"தெரியும்டா. அதான் படுத்திருக்கேன்."

குபீரென்று சிரித்தார்கள். ஏறியது. நின்றது. அப்புறம் காது அளந்தபடி இறங்கவில்லை. யாரோ கையால் வாயைப் பொத்தின மாதிரி ஒன்றரை நொடியிலேயே நின்றுபோனது. மீதி இரண்டு நொடி, ஐந்நூறு பேர் இருந்த இடத்தில், கட்டிலில் படுத்திருக்கிறவளின் முகம் மட்டும். எங்கேயோ ஒரு மூக்கு உறிஞ்சியது. மனைவி காதின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கவில்லை, சும்மாதான் பிடித்தார்.

இதை அவர் சிரிப்புக்கென்றுதான் விட்டிருந்தார்.

படம் முடிந்ததும் முதலாளி வாசலில் போய்க் கைகட்டி நின்றுகொண்டார். விமர்சனம் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வெளியே வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை மட்டும் கேட்பார்.

"ஃபர்ஸ்ட் ஹாஃப்ல பாதி வசனம் காதுலயே விழலடா. சனிக்கிழமை இன்னொரு தடவ வரணும்."

"அந்தக் கிட்டார் உடைச்சுட்டு என்ன சொன்னான்?"

"தெரியல. திரும்பப் பாத்தாத்தான் தெரியும்."

"செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை, இல்ல?"

கூட்டம் வடிந்தது. முதலாளி திரும்பினார்.

"முதல் பாதிய யாரு வெட்டினது?"

இயக்குநர் காதைக் காட்டினார். காட்டிய விரலை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"நான்தான் சார்," என்றார் காது. "தப்பாத்தான் போச்சு. ரெண்டாவது பாதிதான் சரியான..."

"நல்ல தப்பு. ஒவ்வொருத்தனும் ரெண்டு தடவ வருவான். ரெண்டாவது பாதியையும் அதே மாதிரி வெட்டு. மூணு மணிக்குள்ள அனுப்பு, சாயந்திர ஆட்டத்துக்கு ஏத்தணும். ரூம் உனக்கு."

"நானும் அதையேதான் நினைச்சேன் சார்," என்றார் இயக்குநர். "மௌனம் எல்லாருக்கும் புரியாது."

கேட்ட ரூம் கிடைத்துவிட்டது. எதைச் செய்து காட்டி அதை வாங்க நினைத்தாரோ, அதை அழித்தால்தான் கைக்கு வரும். காது தலையாட்டினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் இருபத்துமூன்று வருஷம் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லலாம்.

பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தார். மூச்சு ஒவ்வொன்றாகப் போனது. டாக்டர் போனார், பாட்டில் போனது, அரங்கமே எழுந்து நின்றது போனது. பதினாறு வெட்டி முடித்து, பதினேழாவதின்மேல் கத்திக் குறியைக் கொண்டுபோய் வைத்தார். விரல் கீழே இறங்கவில்லை. அங்கிருந்து குறியை எடுத்துவிட்டு, மற்றதை ஒட்டிச் சரிபார்த்துக்கொண்டே படத்தின் கடைசிக்கு வந்தபோது கதவு திறந்தது. மணி இரண்டே முக்கால். முதலாளி வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓட்டு. பாக்கறேன்."

ஓட்டினார். கட்டில் வந்தது. "அதான் படுத்திருக்கேன்." மூணரை நொடி.

"ஒண்ண விட்டுட்ட."

"விடல சார். வச்சிருக்கேன்."

"வெட்டு."

"இது மட்டும் வேண்டாம் சார்."

"ரூம் வேணுமா வேண்டாமா?"

காது மேஜையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா இத வெட்டறதுக்கு நீங்க வேற ஆளக் கூப்பிடுங்க. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

முதலாளி ஃபோனை வெளியே எடுத்தார். பேர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "இதுல அப்படி என்னய்யா இருக்கு?" என்றார்.

"காலையில நீங்க சிரிச்சீங்க சார். எல்லாருக்கும் முன்னால. அப்புறம் எல்லாருக்கும் முன்னால நிறுத்தினீங்க."

"நானா? நான் எங்க சிரிச்சேன்?"

"ஆறாவது வரிசை ஓரம். உங்க சிரிப்பு கடைசியில ஒரு விசில் மாதிரி முடியும். இன்னிக்கு விசில் வரல. அதுக்கு முன்னாலயே நின்னுபோச்சு."

முதலாளி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வெளிச்சம் அணைந்தது. அவர் அதை மறுபடி தொடவில்லை.

"இன்னொரு தடவ ஓட்டு," என்றார்.

ஓட்டினார். முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து வேட்டை நாயிடமிருந்து தப்புகிறவர் மாதிரி வேகமாகக் கதவு வரை போனார்.

"அனுப்பு. திங்கட்கிழமை வந்து சாவிய வாங்கிக்க."

காது பொத்தானை அழுத்தினார். முதலாளி இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தா பாரு காது. நான் சிரிச்சேன்னு யார்கிட்ட வேணா சொல்லிக்க. நிறுத்தினேன்னு மட்டும் வெளிய சொல்லாதே."